கத்தரிக்கோல் பிடித்த அகதிகள்

ஜெர்மனியிலிருந்து விரட்டப்பட்ட ஒரு சிறு கூட்டம் 1933-க்கும் 1940-க்கும் இடையே ஸ்ட்ராஸ்பூர்க், பாரிஸ், ப்ராக், ஆம்ஸ்டர்டாம், லண்டன் ஆகிய ஊர்களில் ஒரு தொழிலை நடத்திவந்தது. ஹிட்லர் அரசு எல்லை தாண்டி யாரை ஒற்றராக அனுப்புகிறது, எந்த ஊரில் யாருக்குப் பணம் கொடுக்கிறது, உள்நாட்டில் எத்தனை படைப்பிரிவுகளை ஒளித்து வளர்க்கிறது என்று கண்டுபிடித்து அச்சில் போடுவதுதான் அந்தத் தொழில். அது செத்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதை நடத்தியவர்களில் பலர் தொழிலோடு சேர்ந்தே போனார்கள். அதற்கு முறையான இரங்கல் குறிப்பு எழுத ஆள் மிஞ்சவில்லை. தாமதமாகவாவது ஒன்று எழுதவேண்டும் என்று எனக்குப் படுகிறது. அந்த மனிதர்கள் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது. சரியாகச் சொன்னதற்காகவே அவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். தண்டித்தவர்கள் நாஜிகள் மட்டும் அல்லர்.

இந்தத் தொழில் பிறந்தது நாடிழந்த பிறகு அல்ல, ஜெர்மனியிலேயே, ஹிட்லர் வருவதற்கு முன்பே. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி ஒரு லட்சம் பேருக்கு மேல் தரைப்படை வைத்திருக்கக் கூடாது, கட்டாய ராணுவ சேவை கூடாது, போர் விமானம் கூடாது, நீர்மூழ்கிக் கப்பல் கூடாது என்று வெர்சாய் உடன்படிக்கை விதித்தது. ராணுவம் இந்த விதிகளைத் தொடக்கத்திலிருந்தே மீறியது. கணக்கில் வராத தொண்டர்களைக் கூட்டிக் குறுகியகாலப் பயிற்சி கொடுத்தது. சோவியத் ரஷ்யாவில் லிப்பெட்ஸ்க் என்ற ஊரில் விமானிகளுக்குப் பள்ளி நடத்தியது. இதையெல்லாம் கேட்டவனைச் சுட்டுக் கொல்வதற்கு ரகசியக் கும்பல்களும் இருந்தன. எமில் கும்பெல் என்ற கணிதப் பேராசிரியர் உட்கார்ந்து எண்ணினார். போருக்குப் பிந்தைய நான்கு ஆண்டுகளில் நடந்த அரசியல் கொலைகளில் வலதுசாரிகள் செய்தவை 354, இடதுசாரிகள் செய்தவை 22. ஒவ்வொரு கொலைக்கும் என்ன தண்டனை கிடைத்தது என்பதையும் பட்டியல் போட்டார். கோபமான வசனம் எதுவும் இல்லாமல், பெயர், ஊர், தேதி, தீர்ப்பு என்று எழுதினார். இந்தத் தொழிலின் நடையை வகுத்தது கும்பெலின் அந்தப் பட்டியல்தான் என்று நான் நினைக்கிறேன்.

அந்த நடையைக் கைக்கொண்டவர்களில் மிகத் தேர்ந்தவர் பெர்த்தோல்ட் யாக்கோப். 1898-ல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குத் தானாகவே முன்வந்து போனார். திரும்பி வந்தபோது போரை வெறுப்பவராக மாறியிருந்தார். ராணுவத்தை எதிர்த்தவர்களில் பலருக்கு ராணுவத்தைப் பற்றி எதுவும் தெரியாது. யாக்கோபுக்கோ படைப்பிரிவு, பதவி வரிசை, முகாம் இருக்கும் ஊர், அதிகாரிகளின் பெயர் எல்லாம் மனப்பாடம்.

1925 மார்ச் 31 அன்று வேசர் ஆற்றில், ஃபெல்ட்ஹைம் என்ற இடத்தில், ராணுவப் பயிற்சியின்போது ஒரு மிதவை கவிழ்ந்தது. 81 பேர் மூழ்கி இறந்தார்கள். நாடே துக்கம் கொண்டாடியது. யாக்கோப் மட்டும் இறந்தவர்கள் யார் என்று பார்த்தார். அவர்களில் சிலர் சட்டப்படியான படைவீரர்கள் அல்லர், குறுகிய காலத்துக்குச் சேர்க்கப்பட்ட தொண்டர்கள். அதாவது உடன்படிக்கை தடைசெய்த ஆட்கள். ஏப்ரல் மாதமே அதை ‘டாஸ் ஆண்டரே டாய்ட்ச்லாண்ட்’ என்ற அமைதி இயக்க வார இதழில் எழுதிவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1928 மார்ச்சில், லைப்சிக் உச்ச நீதிமன்றம் அவருக்கும் இதழின் ஆசிரியர் ஃப்ரிட்ஸ் க்யூஸ்டருக்கும் ஒன்பது மாதக் கோட்டைச் சிறை விதித்தது. குற்றம், தேசத் துரோகம். எழுதியது பொய் என்று நீதிபதிகள் சொல்லவில்லை. அரசே சட்டத்தை மீறினாலும் அதை வெளியே சொல்லும் உரிமை குடிமகனுக்கு இல்லை, நாட்டுக்கு விசுவாசமாக இருப்பதே அவன் கடமை என்பதுதான் அவர்களுடைய நியாயம். இந்தத் தீர்ப்பை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் அத்தனைக்கும் வேர் அங்கே இருக்கிறது.

அடுத்து ‘டி வெல்ட்பூனே’. அந்த பெர்லின் வார இதழில் 1929 மார்ச்சில் வால்ட்டர் க்ரைசர் ஒரு கட்டுரை எழுதினார். சிவில் விமானத் துறைக்கு என்று ஒதுக்கிய பணத்தில் மறைவாக ராணுவ விமான வேலை நடப்பதை அது சுட்டிக்காட்டியது. அதற்காக ஆசிரியர் கார்ல் ஃபான் ஒசியெட்ஸ்கிக்கும் க்ரைசருக்கும் 1931 நவம்பரில் தலா பதினெட்டு மாதச் சிறை. க்ரைசர் நாட்டை விட்டுப் போனார். ஒசியெட்ஸ்கி போகவில்லை. யாக்கோப் 1932-ல் எல்லை தாண்டி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்குக்குக் குடிபெயர்ந்தார்.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் அவர் ‘சுதந்திரப் பத்திரிகைச் சேவை’ என்ற பெயரில் ஒரு செய்திமடல் தொடங்கினார். பெயர் பெரிதாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஒற்றை மனிதரின் உழைப்புதான் அது. ரைன் நதியைத் தாண்டினால் ஜெர்மனி. அங்கிருந்து வரும் உள்ளூர்ப் பத்திரிகைகளை அவர் வரி விடாமல் படித்தார். ஒரு சிற்றூர்ப் பத்திரிகையில் ஒரு தளபதி கல்யாணத்துக்கு வந்ததாக ஒரு வரி இருக்கும். இன்னொன்றில் ஒரு முதிய அதிகாரியின் மரண அறிவிப்பும், அடக்கத்துக்கு எந்தப் படைப்பிரிவின் ஆட்கள் வந்தார்கள் என்பதும் இருக்கும். பதவி உயர்வு, பொன்விழா, படைகளுக்கிடையே விளையாட்டுப் போட்டி எல்லாம் வரும். அரிசியில் கல் பொறுக்குகிறவள் கண் எப்படி நிற்காமல் ஓடி, நிற்கவேண்டிய இடத்தில் நிற்குமோ அப்படிப்பட்ட கண் வேண்டும் இதற்கு. ஒவ்வொரு துணுக்கையும் எடுத்து, பழைய துணுக்கோடு சேர்த்து, இந்த ஊரில் நேற்றுவரை இல்லாத ஒரு ரெஜிமென்ட் இன்று இருக்கிறது, அதற்கு இன்னார் தலைவர் என்று சொல்லிவிடுவார். திருடிய காகிதமோ லஞ்சம் வாங்கிய குமாஸ்தாவோ அதற்குத் தேவைப்படவில்லை. ரகசியத்தை அரசே சிறு சிறு துண்டுகளாகத் தினமும் அச்சடித்து, காசுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அவற்றைச் சேர்த்துப் படிக்க ஒருவர் பொறுமையாக உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

பிரான்சின் ராணுவத் தலைமையும் பிரிட்டனின் வெளியுறவுத் துறையும் பெரும் செலவில் தேடிய விவரங்களை இந்த மனிதர் ஒரு செய்திமடலில் சந்தாதாரர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

1933 ஆகஸ்ட் 25 அன்று நாஜி அரசு குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் முதல் பட்டியலை வெளியிட்டது. 33 பெயர்கள். கும்பெல் அதில் இருந்தார், யாக்கோபும் இருந்தார். ஒரு நொடியில் அவர் எந்த நாட்டுக்கும் உரியவர் இல்லாமல் ஆனார். பாஸ்போர்ட் இல்லாதவன் அந்த நாட்களில் எல்லைச் சாவடிகளில் மட்டுமா தவித்தான், தங்குமிடம், வேலை, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் தவித்தான். யாக்கோபைப் பிடிக்க வந்த தூண்டிலில் கோர்த்த இரையும் பாஸ்போர்ட்தான்.

ஹான்ஸ் வேசெமான் ஒரு பத்திரிகையாளர். ஹிட்லர் ஆட்சிக்கு முன்பு சமூக ஜனநாயகவாதிகளின் பக்கம் நின்று நாஜிகளைக் கிண்டலடித்து எழுதியவர். நாட்டை விட்டு வெளியேறியவர்களோடு அவரும் வெளியேறினார். லண்டனில் அகதிகளின் வட்டத்தில் புழங்கினார். பணமுடையில் இருந்தார். எந்தக் கட்டத்தில் என்று சொல்வது கடினம், ஆனால் அவர் ஜெர்மன் தூதரகத்தை அணுகினார், நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் ஆளானார். அகதிகள் அவரை நம்பினார்கள், ஏனென்றால் அவரும் அகதி. உளவு என்றால் கோட்டுக்காலரை உயர்த்திக்கொண்டு இருட்டில் நிற்கும் அந்நியன் என்று நினைக்கிறோம். அகதிகளிடம் உளவு வந்தது கூடச் சேர்ந்து காப்பி குடிக்கும் நண்பன் உருவத்தில்.

யாக்கோபுக்கு ஒரு போலிப் பாஸ்போர்ட் வாங்கித் தருவதாக வேசெமான் சொன்னார். அதை வாங்க இருவரும் 1935 மார்ச் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சந்தித்தார்கள். ‘ஷீஃபெஸ் எக்’ என்ற உணவு விடுதியில் சாப்பாடும் மதுவும். பாஸ்போர்ட் செய்பவரின் வீட்டுக்குப் போகலாம் என்று காரில் ஏற்றினார்கள். கார் எல்லைச் சாவடியில் நிற்கவில்லை. யாக்கோப் ஜெர்மனிக்குள் கொண்டுபோகப்பட்டு, பெர்லினில் கெஸ்டபோவின் கையில் ஒப்படைக்கப்பட்டார்.

அவருடைய ஒவ்வொரு விவரத்தையும் யார் கொடுத்தார்கள் என்று கேட்டார்கள். உளவுக் கதை நூல்கள் இதை விரும்பிச் சொல்லும். அவற்றில், யாக்கோப் ஜெர்மன் படையின் முழு அமைப்பையும் ஒரு புத்தகத்தில் போட்டுவிட, ஹிட்லர் கொதித்துப்போய் ஆளைத் தூக்கிவரச் சொல்கிறார். விசாரணையில் ‘எல்லாம் உங்கள் பத்திரிகைகளில் இருந்ததுதான்’ என்று கைதி சொல்ல, அதிகாரிகள் வாயடைத்துப் போகிறார்கள். நல்ல கதைதான். ஆனால் ஜெர்மன் படையின் பதவிப் பட்டியலோடு வந்த அவருடைய புத்தகம், ‘புதிய ஜெர்மன் ராணுவமும் அதன் தலைவர்களும்’, 1936 ஆகஸ்ட் நடுப்பகுதி நிலவரத்தைச் சொல்வது. கடத்தல் 1935-ல். புத்தகத்துக்காகக் கடத்தவில்லை. கடத்தி, விசாரித்து, மிரட்டி, விட்ட பிறகு, அவர் பாரிசில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை எழுதினார். கதையை விட உண்மை இங்கே எவ்வளவு பெரியது பாருங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். யாக்கோப் கடத்தப்பட்ட அதே மார்ச் மாதத்தில், அதே நாட்களில், ஜெர்மனிக்கு விமானப்படை இருக்கிறது என்று நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங் பகிரங்கமாகச் சொன்னார். சரியாக ஒரு வாரம் கழித்து, மார்ச் 16 அன்று, கட்டாய ராணுவ சேவையை ஹிட்லர் அறிவித்தார். எந்த ரகசியத்தைச் சொன்னதற்காக ஒருவரைப் பக்கத்து நாட்டிலிருந்து தூக்கிவந்தார்களோ, அதையே மைக் வைத்து உலகத்துக்குச் சொன்னார்கள். கைதி அப்போதும் கைதிதான்.

சுவிட்சர்லாந்து அந்த ஒரு முறை உறுதியாக நின்றது. வேசெமானை அஸ்கோனாவில் பிடித்தது. வெளியுறவுப் பொறுப்பில் இருந்த ஜுசெப்பே மோட்டா, இது எங்கள் இறையாண்மையை மீறிய செயல், ஆளைத் திருப்பி அனுப்புங்கள் என்று பெர்லினுக்கு எழுதினார். பெர்லின் மறுத்தது. இரு நாடுகளுக்கும் இடையே இருந்த பழைய நடுவர் ஒப்பந்தத்தின்படி வழக்கைக் கொண்டுபோவோம் என்று சுவிஸ் அரசு விடாப்பிடியாக நின்றது. சாட்சிகளோடு வழக்கு நடந்தால் மானம் போகும் என்று பெர்லினுக்குத் தெரிந்தது. 1935 செப்டம்பர் 17 அன்று யாக்கோபைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டு நாள் முன்புதான் யூதர்களின் குடியுரிமையைப் பறிக்கும் நியூரம்பெர்க் சட்டங்களை இயற்றியிருந்தது. ஹிட்லரின் சிறையிலிருந்து ஒரு யூதப் பத்திரிகையாளரை ஒரு சிறிய நாடு சட்டப் புத்தகத்தைக் காட்டியே மீட்டது. பெரிய நாடுகள் இதைக் கவனித்திருக்கவேண்டும். திரும்பிய யாக்கோபை அந்த நாடும் வைத்துக்கொள்ளவில்லை, பிரான்சுக்கு அனுப்பிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வேசெமானுக்கு 1936 மே மாதம் பாசல் நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறை கொடுத்தது.

வேசெமானைப் பற்றித் தகவல் கொடுத்தவர்களில் ஒருவர் டோரா ஃபாபியான். லண்டனில் வாழ்ந்த ஜெர்மன் அகதி, எழுத்தாளர், சோஷலிஸ்ட். 1935 ஏப்ரல் 4 அன்று, கடத்தல் நடந்து நான்கு வாரம்கூட ஆகாத நிலையில், லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு வீட்டில் அவரும், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரான மதில்டே வுர்மும் இறந்துகிடந்தார்கள். விஷம். தற்கொலை என்று மரண விசாரணை முடிவு சொன்னது. கதவு உள்ளே பூட்டியிருந்தது, சொந்தத் துயரங்களைச் சொல்லும் கடிதங்கள் இருந்தன. அகதிகளோ கொலை என்றே நம்பினார்கள். அவர்கள் அப்படி நம்பியதில் ஆச்சரியம் இல்லை. தத்துவப் பேராசிரியர் தியோடர் லெசிங்கை 1933 ஆகஸ்டில் மாரியன்பாட்டில் ஜன்னல் வழியே சுட்டுக் கொன்றிருந்தார்கள். ப்ராகுக்குத் தெற்கே ஒரு விடுதியில் ரகசிய வானொலி நடத்திய பொறியாளர் ருடால்ஃப் ஃபோர்மிஸை 1935 ஜனவரியில் கொன்றிருந்தார்கள். இரண்டும் செக்கோஸ்லோவாகிய மண்ணில். கொன்றவர்கள் எல்லை தாண்டி ஜெர்மனிக்குத் தப்பிப் போனார்கள்.

பாரிசில் இந்தத் தொழிலுக்கு ஒரு பெரிய வீடு இருந்தது. வில்லி ம்யூன்சென்பெர்க் நடத்திய ‘எடிசியோன் டு கார்ஃபூர்’ பதிப்பகம். ம்யூன்சென்பெர்க் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் பிரசார மேதை. 1927-ல் பிரசல்ஸில் நடந்த, நேரு கலந்துகொண்ட ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டைக் கூட்டியவரும் அவர்தான். 1933-ல் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக்கின் தீவைப்பு பற்றிய ‘பழுப்புப் புத்தகம்’ இந்தப் பதிப்பகத்தில் வந்து, பல மொழிகளில் பரவியது. 1935-ல் ‘பழுப்பு வலை’. வெளிநாடுகளில் ஹிட்லரின் ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள், போருக்கு எப்படித் தயார்செய்கிறார்கள் என்பதை ஒரே புத்தகத்தில் திரட்டித் தந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வந்தது.

அந்த வலையின் நடுவில் இருந்தது நாஜிக் கட்சியின் வெளிநாட்டு அமைப்பு. தலைவர் எர்ன்ஸ்ட் போலே, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். எந்த நாட்டில் ஜெர்மானியர் வாழ்ந்தாலும் அங்கே கட்சிக்கு ஒரு கிளை, கிளைக்கு ஒரு தலைவர். கப்பல் மாலுமி, வணிக நிறுவன முகவர், ஜெர்மன் பள்ளி ஆசிரியர், தூதரக எழுத்தர் எல்லாருமே அதற்குள் வந்தார்கள். அதோடு கெஸ்டபோவின் ஆட்கள் தனி, 1935 ஜனவரியில் கனாரிஸ் பொறுப்பேற்ற ராணுவ உளவுத் துறையான அப்வேரின் ஆட்கள் தனி. மூன்றும் பல இடங்களில் ஒன்றின் காலை ஒன்று மிதித்தன. வெளியிலிருந்து பார்த்த அகதிகளுக்கு எல்லாம் ஒரே கையின் விரல்களாகத் தெரிந்தது. அதனால் சில இடங்களில் சாதாரணக் கட்சிக் கிளையையும் உளவு நிலையம் என்று எழுதிவிட்டார்கள். ஆனாலும் ஒரு குடியேற்றச் சமூகம் முழுவதையும் ஒரு கட்சி தன் கருவியாக்கப் பார்க்கிறது என்ற அடிப்படை விஷயத்தை அவர்கள் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

அதற்கு ஆவணச் சான்று 1936-ல் பார்சலோனாவில் கிடைத்தது. ஜூலையில் ராணுவக் கலகம் வெடித்தபோது, அங்கே வாழ்ந்த ஜெர்மன் அனார்க்கிஸ்ட் அகதிகளும் அவர்களுடைய ஸ்பானியத் தோழர்களும் நாஜிக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்து காகிதங்களை அள்ளிவந்தார்கள். ஸ்பெயினில் வாழும் ஜெர்மானியர்களைப் பற்றிய உளவுக் குறிப்புகள், கட்சிக்கும் தூதரகத்துக்கும் இடையேயான கடிதங்கள் எல்லாம் முத்திரையோடு இருந்தன. பாரிசில் கார்ஃபூர் அவற்றைப் புத்தகமாக்கியது. அனார்க்கிஸ்டுகள் தனியாக பார்சலோனாவில் ‘கறுப்பு-சிவப்புப் புத்தகம்’ என்று வெளியிட்டார்கள்.

இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் கடந்தால் இது இரங்கல் ஆகாது, வெறும் புகழ்ச்சியாகிவிடும். கார்ஃபூர் வீட்டில் எல்லாம் யாக்கோபின் கண்டிப்போடு நடக்கவில்லை. ‘பழுப்புப் புத்தகம்’ தெரியாததைத் தெரிந்ததாக எழுதியது. தீவைப்பில் பிடிபட்ட டச்சு இளைஞன் வான் டெர் லுப்பை நாஜித் தலைவர்களின் பாலுறவுக் கூட்டாளி என்று அவதூறு செய்தது. அவனுடைய டச்சு நண்பர்கள் மனம் பொறுக்காமல் மறுப்பாக ஒரு ‘சிவப்புப் புத்தகம்’ போடவேண்டி வந்தது. ஊகித்துத்தான் எழுதினோம் என்று அங்கே வேலை செய்த ஆர்தர் கோஸ்ட்லர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கும்பெலின் பட்டியலோடு இதை வைத்துப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. உண்மையே போதுமான அளவு கொடுமையாக இருந்தபோது எதற்குப் புனைவு? அந்தப் புனைவுகள் கேட்க விரும்பாதவர்களுக்குச் சாக்காக அமைந்தன. ‘அகதிகளின் கட்டுக்கதை’ என்று ஒதுக்கிவிட லண்டனிலும் பாரிசிலும் பலர் காத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் இந்த வேலை போலீஸ் கைக்குப் போனது. 1938-ல் நியூயார்க்கில் குந்தர் ரும்ரிச் என்பவர் வெளியுறவுத் துறை உயரதிகாரி என்று பொய் சொல்லி வெற்றுப் பாஸ்போர்ட் படிவங்களை வரவழைக்கப் பார்த்து மாட்டிக்கொண்டார். அவருடைய கடிதங்கள் ஸ்காட்லாந்தின் டண்டீயில் சிகையலங்காரக் கடை வைத்திருந்த ஜெஸ்ஸி ஜோர்டான் வழியாக ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தன. 18 பேர் மீது குற்றச்சாட்டு. நீதிமன்றத்தில் நின்றவர்கள் 4 பேர்தான். முக்கியமானவரான டாக்டர் க்ரீப்ல் கப்பலேறித் தப்பிவிட்டார். 1939-ல் ஹாலிவுட் இதைப் படமாக்கியது. ஐந்து ஆண்டுகளாக அகதிகள் சொல்லிவந்ததை அப்போது திரையில் பார்த்துக் கூட்டம் அதிர்ந்தது.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. ஹிட்லரைப் பற்றி யாருக்கும் தெரியாததெல்லாம் தெரிந்த மனிதர்கள் பிரான்சுக்குள்ளேயே இருந்தார்கள். பிரெஞ்சு அரசு அவர்களை எதிரி நாட்டவர் என்று வகைப்படுத்தி முள்வேலிக்குள் அடைத்தது. யாக்கோப் பிரெனே மலையடிவாரத்தில் இருந்த லெ வெர்னே முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். இந்தத் தொழில் செத்த நாள் எது என்று கேட்டால், நான் ஜெர்மன் படை பாரிசில் நுழைந்த நாளைச் சொல்லமாட்டேன். முகாமின் கதவைப் பூட்டிய நாளைச் சொல்வேன். ஜெர்மன் படையின் பதவிப் பட்டியலை மனத்தில் வைத்திருந்தவரிடம் ஜெர்மன் படையோடு மோதப்போகும் ஒரு நாடு ஆலோசனை கேட்கவில்லை, அவரைக் கைதியாக்கியது.

பாரிசின் ஆராகோ பூல்வாரில் 65-ஆம் எண் வளாகத்தில் ‘ஜெர்மன் சுதந்திர நூலகம்’ இருந்தது. பெர்லினில் புத்தகம் எரித்த நாளின் முதலாண்டு நினைவாக 1934 மே 10 அன்று திறந்தது. ஹைன்ரிஷ் மான் தலைவர், ஆல்ஃப்ரெட் கான்டோரோவிச் பொறுப்பாளர். எரிக்கப்பட்ட நூல்களோடு நாஜி அரசைப் பற்றிய பத்திரிகைக் கத்தரிப்புகள் பெரும் தொகுப்பாகச் சேர்ந்திருந்தன. போர் வந்ததும் மூடியது. தொகுப்பு சிதறி அழிந்தது. ஒரு தலைமுறையின் கண்பார்வையே அங்கே தொலைந்தது என்பேன்.

மனிதர்களும் அப்படியே. ம்யூன்சென்பெர்க் ஸ்டாலினோடு முறித்துக்கொண்டிருந்தார். 1940 ஜூனில் முகாமிலிருந்து வெளியேறி நடந்தவரின் உடல், அக்டோபரில் சான் மார்செலான் அருகே ஒரு காட்டில் கிடைத்தது. கொன்றது யார் என்ற வாதம் இன்னும் நடக்கிறது. அவருடைய வலக்கையாக இருந்து பழுப்புப் புத்தகத்தையும் ஸ்பெயின் ஆவணங்களையும் தொகுத்த ஓட்டோ காட்ஸை, 1952 டிசம்பர் 3 அன்று ப்ராகில் கம்யூனிஸ்ட் அரசு தூக்கிலிட்டது. குற்றச்சாட்டு, உளவு. ஒசியெட்ஸ்கி வதைமுகாமில் இருந்தபோது அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவேண்டும் என்று முதலில் குரல் எழுப்பியவர்களில் யாக்கோபும் ஒருவர். 1935-ஆம் ஆண்டின் பரிசு 1936 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. முகாமில் உடல் சிதைந்த ஒசியெட்ஸ்கி 1938 மே 4 அன்று இறந்தார்.

யாக்கோபுக்கு இன்னொரு முறை வாய்ப்பு வந்தது. மார்சேயில் இருந்து அகதிகளைக் கடத்திக் காப்பாற்றிய அமெரிக்கர் வேரியன் ஃப்ரையின் குழு அவருக்கும் உதவியது. ஸ்பெயின் வழியாக லிஸ்பன் போய்ச் சேர்ந்தார். அட்லாண்டிக் கடலைத் தாண்டினால் பிழைப்பு. 1941 செப்டம்பர் 25 அன்று லிஸ்பனில் நாஜி ஆட்கள் அவரைப் பிடித்து மறுபடியும் பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். இந்த முறை நடுவர் மன்றம் என்று எந்த அரசும் எழுதவில்லை. கெஸ்டபோ சிறையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, நோய் முற்றி, 1944 பிப்ரவரி 26 அன்று பெர்லின் யூத மருத்துவமனையில் இறந்தார். வயது 45.

ஒரு கிளை மட்டும் பிழைத்தது. ஆல்ஃப்ரெட் வீனர் ஆம்ஸ்டர்டாமில் இதே போல நாஜிகளைப் பற்றிய பத்திரிகைகளையும் துண்டறிக்கைகளையும் ஆவணங்களையும் சேர்த்துவந்தார். போருக்குச் சற்று முன்பு தொகுப்பை லண்டனுக்கு நகர்த்தினார். 1939 செப்டம்பர் 1 அன்று, போலந்து மீது குண்டு விழுந்த அதே நாளில், அங்கே கதவு திறந்தது. பிரிட்டிஷ் அரசுத் துறைகள் போர் முழுவதும் அந்தக் கத்தரிப்புகளை நாடின. இன்றும் அது வீனர் நூலகமாக லண்டனில் இருக்கிறது. அவர் மனைவி மார்கரெட்டும் மகள்களும் ஆம்ஸ்டர்டாமிலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். பெர்கன் பெல்சன் முகாமிலிருந்து 1945 ஜனவரியில் சுவிட்சர்லாந்துக்கு வந்த உடனேயே மார்கரெட் இறந்தார். பாரிசின் தொகுப்பும் இப்படி ஒரு கப்பலில் ஏறியிருந்தால் நமக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்!

சட்டத்தில் இரண்டு தடயங்கள் மிஞ்சியிருக்கின்றன. சுவிட்சர்லாந்து யாக்கோப் கடத்தப்பட்ட மூன்று மாதத்தில், 1935 ஜூனில், அயல்நாட்டு அரசுக்காகத் தன் மண்ணில் ஒற்று வேலை செய்வதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. 1942-ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அது 271-ஆம் பிரிவிலும் அடுத்த பிரிவுகளிலும் இடம்பெற்றது. இன்றும் அமெரிக்க வழக்கறிஞர் ஒருவர் தன் நாட்டு வழக்குக்காக ஜூரிச்சில் ஒரு சாட்சியை விசாரிக்க வேண்டுமென்றால், முதலில் 271-ஐப் பார்க்கிறார். அதற்குப் பின்னால் ஒரு செய்திமடல்காரர் இருப்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியாது.

இரண்டாவது தடயம் ஜெர்மனியில். ஒசியெட்ஸ்கியின் 1931 தண்டனையை மறுவிசாரணை செய்யக் கோரி அவர் மகள் பெர்லினில் மனு போட்டார். 1991-ல் மேல் நீதிமன்றம் மறுத்தது, 1992 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. புதிய சான்று போதாது என்றது. நாஜி அநீதித் தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்த 1998-ஆம் ஆண்டுச் சட்டம் 1933 ஜனவரி 30-க்குப் பிறகு வந்தவற்றுக்குத்தான் பொருந்தும். 1931 தீர்ப்பு அந்தத் தேதிக்கு முந்தியது. ஆகவே அரசு உலகத்தை ஏமாற்றியதை அச்சில் போட்ட ஒருவர், நோபல் பரிசு பெற்று, வதைமுகாமில் உடல் சிதைந்து இறந்து, தெருக்களுக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் தன் பெயரைக் கொடுத்த பிறகும், சட்டத்தின் ஏட்டில் தண்டனை பெற்றவராகவே இருக்கிறார். அந்தத் தேதியை ஜெர்மன் நாடாளுமன்றம் பின்னுக்கு நகர்த்தவேண்டும்.